இணையவழிப் பக்க வருமானம்: போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு



“வீட்டிலிருந்தபடியே மாதம் ஐயாயிரம் வெள்ளி”, “கைப்பேசி ஒன்றே போதும்”, “முன்னனுபவம் தேவையில்லை”... இத்தகைய செய்திகள் புலனக் குழுக்களில் நாள்தோறும் வந்து விழுகின்றன. வகுப்புப் பெற்றோர் குழுவையும் அவை விட்டுவைப்பதில்லை. வீட்டுப்பாடம் பற்றிய அறிவிப்புக்கு மேலும் கீழும் இதுதான்! கற்றவர்களே ஆராயாமல் பிறருக்கு அனுப்பி வைக்கிறார்கள் என்பது வேதனைக்குரியது.

ஆசைப்படுகிறவர்களை நான் குறை கூறமாட்டேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதில் வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் செலவு ஆகிய அனைத்தையும் அடக்கிப் பார்ப்பவருக்கே அதன் வலி தெரியும். பாரிட் புந்தார் போன்ற சிறுபட்டணத்தில் மாலைநேர வேலை என்று தேடினால் கிடைப்பதும் சொற்பமே.

பக்க வருமானம் நம் இனத்துக்குப் புதியதன்று. இந்தக் கிரியான் வட்டாரத்துக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்து, பின்னர்க் கித்தாக் காட்டிலும் செம்பனையிலும் உழைத்தவர்கள் நம் முன்னோர். பால்வெட்டு முடிந்த பிற்பகலில் மாடு வளர்த்தார்கள், ஆடு மேய்த்தார்கள், வீட்டின் பின்புறம் காய்கறி போட்டார்கள். அந்தப் பால்காசில் படித்து முன்னேறியவர்கள் பலர். மாடு வைத்திருந்தவர் விடியலில் பால் கறந்தார் என்றால், அதற்கு முன்தினம் வெயிலில் புல்லும் அறுத்தார். இணையத்துக்கும் இதுவே பொருந்தும். புல் அறுக்காமலே பால் கறக்கலாம் என்கிறவனிடம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

இது வெறும் அச்சமன்று. சுவிஸ்கேஷ் என்னும் இணைய முதலீட்டுத் திட்டத்தின் மீது மலேசியப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2007இல் வழக்குத் தொடுத்தது. பத்தாண்டு கழித்து, 2017இல், நமக்கு அடுத்த வீடான பினாங்கில் ஜே.ஜே.பி.தி.ஆர். சரிந்தது. மாதம் 20 விழுக்காடு இலாபம் என்றார்கள்! ஆண்டுக்குச் சில விழுக்காடே தரும் வங்கி வைப்புத்தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க ஆறாம் ஆண்டுக் கணக்குப் பாடமே போதும். நமக்குப் பழக்கமான ‘கூட்டு’ப் பணம்கூட 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டதுதான். அதுவே இப்போது புலனத்தில் புதுப்பெயரில் உலா வருகிறது.

இன்றைய வேடமோ ‘பணி’. காணொளிக்கு விருப்பக்குறி இட்டால் சில வெள்ளி என்பார்கள். முதல் நாள் உண்மையாகவே கொடுப்பார்கள். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள்; “பெரிய பணிக்கு முன்பணம் கட்டுங்கள்” என்பார்கள். அவ்வளவுதான், கட்டிய பணம் திரும்பாது. வேலை கொடுப்பவன் நம்மிடம் பணம் கேட்கிறான் என்றால் அது வேலையே அன்று. பணத்தை அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் தடுக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அப்படியானால் எதுதான் உண்மை வருமானம்? என் கருத்தில், ஏற்கெனவே கையில் இருக்கும் திறமையை இணையத்துக்குக் கொண்டு போவதுதான்.

ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் இருக்கிறது. எஸ்.பி.எம். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் ஆகியவற்றுக்கு ஆசிரியர் கிடைக்காத இடைநிலைப்பள்ளி மாணவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அயல்நாடுகளில் வளரும் தமிழ்க் குழந்தைகளும் இருக்கிறார்கள். நமக்குச் சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்றால் இலண்டனில் காலை ஒன்பது அல்லது பத்து. பள்ளி இல்லாத நாள். இந்த நேர வேறுபாடு நமக்கு இயல்பாக அமைந்த வசதி. ஆனால், ஒன்றை மறக்கக்கூடாது. பொது அதிகாரிகள் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறை 1993இன்படி, அரசு ஆசிரியர் வெளிவேலை செய்ய எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். “எல்லாரும் செய்கிறார்கள்” என்பது விசாரணையில் எடுபடாது. தம் வகுப்பு மாணவர்களுக்கே கட்டணம் வாங்கி இணையத்தில் பாடம் எடுப்பதை, அனுமதி இருந்தாலும், நான் ஏற்கமாட்டேன். காலையில் சொல்ல வேண்டியதை மாலைக்கு ஒதுக்கி வைக்கும் ஆசை யாருக்கும் வரக்கூடியது.

பெற்றோருக்கு, குறிப்பாகத் தாய்மார்களுக்கு, சமையலும் தையலும் கைவந்த கலை. ஆனால், விற்பனையைப் பார்த்து மகிழ்கிறார்களே தவிர, மிச்சத்தைக் கணக்கிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு டப்பா முறுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா 18 வெள்ளி, அஞ்சல் 8, விற்பனைத் தளம் பிடிப்பது 4. எஞ்சுவது 10. பத்து டப்பா சுட்டு, கட்டி, அனுப்பி முடிக்க எட்டு மணி நேரம் ஆனால், மணிக்கு 12 வெள்ளி 50 காசு. குறைந்தபட்சச் சம்பளத்தின் மணிக்கூலி 8 வெள்ளி 72 காசு. ஆக, இது நல்ல வருமானமே. ஆனால் இரண்டு டப்பா உடைந்து போனாலோ, அஞ்சல் செலவைத் “இலவசம்” என்று நாமே ஏற்றாலோ நிலைமை தலைகீழ். தீபாவளி முடிந்த வாரத்தில் முறுக்கைக் கேட்பாரும் இல்லை. எனவே, முதலில் தாமான் அக்கம்பக்கத்திலும் புலனத்திலும் விற்றுப் பழகி, பிறகு ஷோப்பி, டிக்டாக் பக்கம் போவதே மேல்.

தொடர்ந்து விற்பவர்கள் முப்பது நாளுக்குள் நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரென்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரென்றால் 60. உணவு விற்பவர்களுக்குத் தைப்பாய்டு தடுப்பூசியும் உணவு கையாளுநர் பயிற்சியும் கட்டாயம். வியாபார வருமானத்தை ஜூன் 30க்குள் ‘பி’ பாரத்தில் காட்ட வேண்டும்.

எழுத்தும் காணொளியும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கூகிளின் ஆட்சென்சு விளம்பரத் திட்டம் தமிழை ஏற்றதே 2018இல்தான். அதற்கு முன்பு தமிழில் வலைப்பதிவு எழுதியவர்கள் காசுக்காக எழுதவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்! வலையொளியில் விளம்பர வருவாய் பெற ஆயிரம் உறுப்பினர்களும், ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால், அறுபதாயிரம் முறை பார்க்கப்பட வேண்டும். நூறு அமெரிக்க டாலர் சேர்ந்த பிறகே பணம் கைக்கு வரும். பாடக் காணொளிகள் செய்யுங்கள், மாணவர்களுக்குப் பயன்படும். அதை நம்பி மகிழுந்துத் தவணை போட்டுவிடாதீர்கள். அமேசான் கிண்டிலில் 2016 திசம்பர் முதல் தமிழ் மின்னூல் வெளியிடலாம். சிறுவர் கதை எழுதி வைத்திருக்கும் ஆசிரியர்கள் முயன்று பார்க்கலாம். மொழிபெயர்ப்பில், எளிய வேலைகளை இப்போது கணினியே செய்துவிடுவதால், மலாயும் தமிழும் ஆழமாகத் தெரிந்தவர்களுக்கே இனி இடம். ஃபைவர் போன்ற தளங்களில் இருபது டாலர் வேலைக்குப் பதினாறு டாலர்தான் நமக்கு, மீதி தளத்துக்கு.

இறுதியாக, நம் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளைப் பற்றி. எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் அவர்களை நாடி வருகிறார்கள். “உன் வங்கி அட்டையை மட்டும் கொடு, மாதம் ஐந்நூறு வெள்ளி” என்பதுதான் ‘வேலை’. மலாயில் இதை ‘அக்காவுன் கெல்டாய்’, கழுதைக் கணக்கு என்கிறார்கள். மோசடிக்காரன் எங்கோ இருப்பான். கணக்கில் பெயர் நம் பிள்ளையுடையது. 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கெனவே தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. பெற்றோரே, பிள்ளையின் கைக்கு முதல் வங்கி அட்டை வரும் அன்றே உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுங்கள். அண்ணன், மாமா, கூட்டாளி என்று யார் கேட்டாலும் அட்டையையும் கடவுச்சொல்லையும் கொடுக்கக்கூடாது.