மூன்றாவது ஆட்டம் யாருடையது?

ஓசியானியா இளையோர் பாட்மிண்டன் பந்தயத்தில் தனிநபர் போட்டிகளுடன் கலப்புக் குழுப் போட்டியும் உண்டு. வழக்கமான முறையில் குழுவுக்கு 5 ஆட்டங்கள்: ஆண்கள் ஒற்றையர், இரட்டையர், பெண்கள் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர். மூன்றில் வென்றால்தான் ஜயம். பையன்கள் மட்டும் ஆடினால் இரண்டுதான் கிட்டும். மூன்றாவதற்குப் பெண்ணின் கை வேண்டும்.

இருந்தும் சில வீடுகளில், பெண் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ராக்கெட் அலமாரிக்குள் போய்விடுகிறது. அண்ணனுக்கு ஆட்டம், தங்கைக்குப் பரீட்சை!

இளையோர் பிரிவு 19 வயதுக்குட்பட்டோருக்கே. ஆக்லாந்தில் 2020-ல் நடக்கவிருந்த உலக இளையோர் பந்தயம் கொரோனாவால் முதலில் தள்ளிப்போய், பின்பு ரத்தானது. அதற்குள் வயதைக் கடந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மீளவில்லை. நோய் பறித்ததைப் பெற்றோரும் பறிக்கலாமா?