முதற் படிவத்துக்கு ஓர் அண்ணன், ஓர் அக்காள்

அண்மையில் நம் கிளைக் கூட்டம் ஒன்றில், சம்பள விஷயமும் லயத்துக் கூரை விஷயமும் பேசி முடிந்த பின்னர், பால்மரம் வெட்டும் தாய் ஒருவர் எழுந்து நின்றார். தம் மகன் ஆறு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை முதல் நாள்தான் அறிந்ததாகச் சொன்னார். நாள்தோறும் நண்பகலில் பையன் வெள்ளைச் சட்டையும் பச்சைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வேன் ஏறியிருக்கிறான். பட்டணத்தில் இறங்கியிருக்கிறான். பள்ளிக்கூட வாசலுக்குள் மட்டும் நுழையவில்லை. பள்ளி நிர்வாகம் சும்மா இருந்துவிடவில்லை. மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறது. தேசிய மொழியில் இருந்த அக்கடிதங்களை அந்தத் தாய்க்குப் படித்துச் சொன்னது யார்? அதே பையன்தான். "ஓட்டப் போட்டிக்குக் காசு கட்டச் சொல்றாங்கம்மா" என்று சொல்லி, கடிதத்துக்கு இரண்டு வெள்ளி வீதம் வாங்கியும் கொண்டானாம். கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மையார் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பையன் துஷ்டன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் ஒழுங்காகப் படித்தவன். கணக்கில் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்தவன். ஏன் போகவில்லை என்று அடித்துக் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இவ்வளவுதான்: "அங்க எனக்கு யாரையும் தெரியாது. வாத்தியார் சொல்றது விளங்கல. கேட்டா சிரிக்கிறாங்க."

தோழர்களே! இந்த மூன்று வாக்கியங்களை நாம் தள்ளிவிட்டுப் போவதற்கில்லை. தோட்டத்துப் பிள்ளை படிப்பை விடுகிறான் என்றதும் தகப்பனாரின் குடியையும், பிள்ளையின் சேர்க்கையையும், கைத்தொலைபேசியையும் குற்றம் சாட்டுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவற்றிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு காரியம் நடக்கிறது. முதற் படிவத்தில் கால் வைத்த முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள், பிள்ளை தான் அங்கே வேண்டாதவன் என்று முடிவு கட்டிவிடுகிறான். கூடாச் சேர்க்கை அதன் பிறகுதான் வந்து ஒட்டிக்கொள்கிறது.

தமிழ்ப்பள்ளி சிறியது. அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆசிரியை அம்மாவுக்குப் பிள்ளையின் பாட்டி பெயர்கூடத் தெரியும். அங்கிருந்து எடுத்து, பல நூறு மாணவர் படிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளியில் பிள்ளையை விடுகிறோம். நேற்றுவரை பின்னம் என்று படித்ததை இன்று 'பெச்சாஹான்' என்கிறார்கள். கணக்கு அதே கணக்குத்தான். பிள்ளைக்கு அது தெரியும். ஆனால் தனக்குத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஒளிச்சேர்க்கையை அழகாக எழுதியவன், 'ஃபோட்டோசிந்தேசிஸ்' என்றதும் விழிக்கிறான். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, இது நீ ஐந்தாம் வகுப்பில் படித்ததுதான்" என்று ஒரு வார்த்தை சொல்ல யார் இருக்கிறார்கள்? ஆசிரியர் நல்லவரே ஆனாலும் அவர் தமிழ்ப்பள்ளியில் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோரோ மங்கும் வாளியும் தூக்கிக் களைத்து வந்தவர்கள். சொல்லக்கூடியவர் ஒருவரே. அதே தமிழ்ப்பள்ளியிலிருந்து, அதே வேனில், மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அதே வழியாகப் போய், தட்டுத் தடுமாறி நிமிர்ந்த மூத்த மாணவர்.

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். புதிதாக வந்தவன் கையில் உளியைக் கொடுத்து, "போ, நிரையில் இறங்கு" என்று எந்தத் தண்டலாவது அனுப்புகிறாரா? வெட்டிச் சாய்க்கப்போகும் கிழட்டு மரங்களில், பழைய கையொருவரின் பக்கத்தில் நிறுத்தி, பட்டை எவ்வளவு, சாய்வு எவ்வளவு என்று கை பழகிய பிறகுதான் நல்ல மரத்தைத் தொட விடுகிறார்கள். மரத்தில் காயம் பட்டால் புதுப்பட்டை சரியாக வளராது என்று நிர்வாகத்துக்குப் பயம். மரத்துக்கு இருக்கும் இந்தக் கவலை நம் பிள்ளைக்கு இருக்க வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இது. தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும், முதற் படிவத்திலும் புகுமுக வகுப்பிலும் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், நான்காம் படிவத்திலிருந்து ஒரு மூத்த மாணவர் துணையாக நியமிக்கப்பட வேண்டும். ஐந்தாம் படிவத்தாருக்கு எஸ்.பி.எம். தேர்வு தலைமேல் இருக்கும். அவர்களைத் தொந்தரவு செய்வது நியாயமன்று.

இது நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. 'பெம்பிம்பிங் ராக்கான் செபாயா' என்ற பெயரில், சக மாணவரே சக மாணவருக்கு வழிகாட்டும் அமைப்பு நம் நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் ஏற்கனவே உண்டு. ஆலோசனை ஆசிரியரின் மேற்பார்வையில், அவரே பயிற்சி கொடுத்து நடத்துவது அது. ஆக, புதுச் சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. இருப்பதைச் சரியான வேலைக்குத் திருப்பினால் போதும். சில பள்ளிகளில் இந்த வழிகாட்டிகள் விழாவுக்கு வரும் பிரமுகர்களுக்கு மாலைத் தட்டு ஏந்தி நிற்பதோடு சரி என்று பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். மாலைத் தட்டு ஏந்த வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுப்பது தமிழருக்கு அந்நியமும் அன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நம் பாட்டன்மார் அறிவர். 1789இல் சென்னை எழும்பூரில் தொடங்கிய அநாதைச் சிறுவர் பள்ளிக்கு மேற்பார்வையாளரான ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பித்து, அதை 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது உலகம் சுற்றியது. நம் தோட்டங்களிலும் பார்த்தோமே! பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியது. பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, ஒரே உபாத்தியாயர், எல்லா வகுப்பும் ஒன்றாக. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் கொடுக்காமல் அங்கே பள்ளி நடந்திருக்க முடியாது.

ஆனால் சட்டாம்பிள்ளையின் கையில் ஒரு பிரம்பும் இருந்தது. அந்தப் பிரம்பு நமக்கு வேண்டாம். மாணவர் கட்டொழுங்கைப் பார்க்கப் பள்ளியில் வேறு மாணவத் தலைவர்கள் இருக்கிறார்கள்; பெயர் எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. துணை மாணவர் பெயர் எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டால், பிறகு எந்தப் பிள்ளையும் அவரிடம் வாய் திறக்காது. இரண்டு பதவியையும் ஒருவருக்கே கொடுப்பது பெரும் பிழை.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் நமக்கு அபிப்பிராயம் உண்டு. தலைமையாசிரியர்கள் வழக்கமாக எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கியவர்களையே முன்னே நிறுத்துவார்கள். அவர்களும் இருக்கட்டும். ஆனால் புகுமுக வகுப்பில் ஓராண்டு அதிகமாக உட்கார்ந்து, தேசிய மொழியில் தட்டித் தடவி, இன்று நான்காம் படிவத்தில் நடுத்தரமாகப் படிக்கும் மாணவியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். எந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது என்பது அதில் விழுந்து எழுந்தவளுக்கே தெரியும்.

இனி, தடைகள். முதல் தடை, நேரம். இரண்டு வேளை நடக்கும் பள்ளிகளில் பெரும்பாலும் மூத்த படிவங்கள் காலையிலும் முதற் படிவம் பிற்பகலிலும் படிக்கின்றன. ஒருவர் வெளியே வரும்போது மற்றவர் உள்ளே போகிறார். பள்ளி நிர்வாகம் இதைக் காட்டியே 'முடியாது' என்று சொல்லலாம். நாம் விடக்கூடாது. வேளை மாறும் அந்த நண்பகல் நேரத்தில் அரை மணி கிடைக்கும். புறப்பாட நடவடிக்கை நாளில் ஒரு மணி கிடைக்கும். அதுவும் போதாதென்றால் நம் தோட்டத்திலேயே இடம் இருக்கிறது. கோயில் மண்டபமோ பொது மண்டபமோ இரவு ஏழு மணி முதல் எட்டரை வரை விளக்குப் போட்டுத் திறந்திருந்தால், ஒரே லயத்துப் பிள்ளைகள் மூத்தவரும் இளையவருமாக உட்கார்ந்து பாடம் பார்க்கலாம். மின்சாரக் கட்டணத்தைக் கிளை ஏற்றுக்கொள்வது பெரிய காரியமா?

இரண்டாவது தடை பயம். மூத்த மாணவர் இளையவரைப் பகடிவதை செய்யும் செய்திகளைப் படித்து மனம் கலங்கியிருக்கும் பெற்றோர், "மூத்தவன் கையிலேயே பிள்ளையை ஒப்படைப்பதா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஆகவேதான் ஆசிரியரின் மேற்பார்வை இல்லாமல் இத்திட்டம் ஒரு நாளும் நடக்கக் கூடாது என்கிறோம். சந்திப்பு நாலு பேர் பார்க்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குப் பெண், ஆண் பிள்ளைக்கு ஆண். இளையவரைக் கடைக்கு அனுப்புவது, காசு வாங்குவது கொடுப்பது அறவே கூடாது. துணை பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் காரணம் கேட்டுக் குடையாமல் மாற்றிக் கொடுக்க வேண்டும். துணை மாணவருக்கும் பயிற்சியில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இளையவர் அடிபடுகிறார் என்றோ, போதைப் பொருள் கூட்டத்தில் சிக்கியிருக்கிறார் என்றோ, வீட்டில் கொடுமை என்றோ தெரிந்தால், அதை இரகசியமென்று மடியில் கட்டி வைத்திருக்கக் கூடாது, அன்றே ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை தாங்கக்கூடிய பாரம் எது, தாங்க முடியாதது எது என்று பெரியவர்கள்தாம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, தொடங்கிவிட்டுக் கைவிடுவது. இது நம்மவரிடம் அதிகம் உள்ள வியாதி என்பதைச் சங்கடத்தோடு சொல்கிறோம். தொடக்க விழாவுக்குப் பந்தல், பொன்னாடை, புகைப்படம். மூன்றாம் மாதம் பார்த்தால் ஒருவரும் இல்லை. வேறு காரியங்களில் இதனால் பண நஷ்டம்தான். இதில் பிள்ளைக்கே நஷ்டம். அமெரிக்காவில் சிறுவர்களுக்குப் பெரியவர்களைத் துணையாக நியமிக்கும் திட்டம் ஒன்றை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் 2002இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் துணை நீடித்த பிள்ளைகளே அதிக நன்மை பெற்றார்கள். மூன்று மாதத்துக்குள் துணை விட்டுப்போன பிள்ளைகளுக்கோ தம்மைப் பற்றிய மதிப்பே குறைந்துபோயிற்று. அங்கே துணைநின்றவர்கள் பெரியவர்கள், இங்கே மாணவர்கள் என்ற வேற்றுமை இருக்கட்டும். கைவிடப்பட்ட பிள்ளையின் மனம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஓராண்டு நடத்த முடியாத பள்ளி இதைத் தொடங்காமலே இருக்கலாம்.

1965இல் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு இல்லாமற்போய், ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கெல்லாம் மூன்றாம் படிவம் வரை கதவு திறந்தது. அதற்கு முன்னர் பன்னிரண்டு வயதில் உளி பிடித்தவர்கள் இன்றும் நம்மிடையே தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். பின்னர் 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022இல் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டன. தேர்வு வந்தாலும் போனாலும், முதற் படிவத்தில் பின்தங்கிய பிள்ளை அப்போதைக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை. ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். முடிவு வரும்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது. அந்த முடிவைப் பார்க்கவும் பிள்ளை பள்ளியில் இருந்தால்!

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் கிராணி வீட்டுப் பிள்ளை பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கும், தொழிலாளி வீட்டுப் பிள்ளை தோட்டத்துக் கொட்டகைப் பள்ளிக்கும் போயின. இன்று இருவரும் ஒரே வேனில் போகிறார்கள். பள்ளிக் கடிதங்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்து சேருகின்றன. அந்தக் கடிதத்தைத் தாயின் கையில் கொடுக்கும்போதே இரண்டு நிமிடம் ஒதுக்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லிவிட்டால், நாம் முதலில் சொன்ன கதை நடந்திருக்காது. இதைக் கிராணிமார்கள் தங்கள் கௌரவத்துக்குக் குறைவாக எண்ணமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நம்மவர் போவது அரிது. ஒரு நாள் வேலை போகும், போனாலும் பேச்சு விளங்காது என்பது பலரின் எண்ணம். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையிலிருந்தும் மூன்று பெற்றோரும், மொழி தெரிந்த கிளைக் கமிட்டி அங்கத்தினர் ஒருவரும் சேர்ந்து போகட்டும். வேன் கூலியைக் கிளைப் பணத்திலிருந்து கொடுக்கலாம். கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: இந்தப் பள்ளியில் துணை மாணவர் அமைப்பு இருக்கிறதா? முதற் படிவத்துத் தோட்டப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் துணை உண்டு? எந்த ஆசிரியர் பொறுப்பு? பதிலைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, கிளைச் செயலாளர் வழியாக நமக்கு அனுப்புங்கள். பள்ளி வாரியாகச் சேர்த்து மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கொண்டு போவது நம் பொறுப்பு.

அந்தத் தாயின் மகனை, பக்கத்து லயத்தில் நான்காம் படிவம் படிக்கும் பையன் ஒருவன், கூட்டம் முடிந்த மறுவாரத்திலிருந்து, தான் பள்ளி விட்டு வரும் நேரத்தில் பள்ளி வாசலில் காத்திருந்து வகுப்பறை வரை கூட்டிப்போய் விடுகிறானாம். இதுவரை இரண்டு நாள்தான் அவன் பள்ளிக்குப் போகவில்லை என்று அம்மையார் சொல்லியனுப்பியிருக்கிறார்.