ஆதாரம் எங்கே?

நமது நாட்டில் எந்த விஷயத்தைப் பற்றியும் பேசுவதற்கு ஆள் உண்டு. ஆனால் பேசியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. மேடையேறிய ஒருவர் "கல்வெட்டிலே இருக்கின்றது" என்பார். மற்றொருவர் "அகராதியிலே இருக்கின்றது" என்பார். கேட்ட ஜனங்களும் தலையை ஆட்டிவிட்டு வீட்டிற்குப் போய்விடுவார்கள். எந்தக் கல்வெட்டு, எந்த அகராதி, எத்தனையாம் பக்கம் என்கின்ற கேள்வியே பிறப்பதில்லை. முன்பு "சாஸ்திரத்திலே இருக்கின்றது" என்று சொல்லி வாயை அடைத்த அதே வித்தைதான் இது. அன்று திண்ணையில் நடந்தது இன்று கைபேசியிலும் நடக்கின்றது என்பதைத் தவிர, கேட்பவனுடைய நிலைமையில் என்ன மாறுதல் ஏற்பட்டிருக்கின்றது என்று கேட்கின்றோம்.

இந்த வித்தைக்கு மருந்து ஒன்று உண்டு. அது பல்கலைக்கழகப் புத்தகசாலைகளில், வீட்டிற்கு இரவல் கொடுக்காமல் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும்படி வைத்திருக்கும் புத்தகங்களாகும். அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், ஜனக்கணக்கு அறிக்கைகள், கல்வெட்டுத் தொகுதிகள், சட்டத் தொகுதிகள் முதலியவை அந்த வகுப்பைச் சேர்ந்தவை. இவை முதலிலிருந்து கடைசி வரை படிப்பதற்காக ஏற்பட்டவையல்ல. ஒரு சந்தேகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதற்கு விடை கண்டு திரும்புவதற்காக ஏற்பட்டவை.

அந்த இடம் பண்டிதர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் மாத்திரம் சொந்தம் என்று நம்மவர்களில் பலர் நினைத்து, வாசற்படியைக் கண்டதுமே திரும்பிவிடுகின்றார்கள். இது பெரிய தவறாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ரூபாயில் முடிந்துவிடும் என்று 1913-ம் வருஷம் தொடங்கிய அந்த வேலை, நாலு லட்சத்திற்கு மேல் விழுங்கி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-ல் ஓர் அநுபந்தமாகவும் வெளிவந்தது. லட்சத்திற்கு மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. அந்தப் பணம் ஆகாயத்திலிருந்து விழுந்ததா? நிலவரி கட்டிய குடியானவன் பணமும், உப்புக்கு வரி கொடுத்த ஏழையின் பணமும் சேர்ந்த பொதுப்பணம் அதில் இல்லையா? பணம் கொடுத்தவன் வெளியே நிற்பதும், அதை எடுத்துக் காட்டிப் பயமுறுத்துகின்றவன் உள்ளே இருப்பதும் என்ன நியாயம்?

அதே பல்கலைக்கழகத்தில் 1924-ல் முதல் நூலகராக வந்த தோழர் எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்தவர். லண்டனுக்குப் போய் நூலகத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, அலமாரிகளை அணுகி வாசகர்கள் தாங்களே புத்தகம் எடுத்துப் பார்க்கும் முறையை நடத்திக் காட்டினார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரமெல்லாம், புத்தகம் பூட்டி வைத்துப் பூஜை செய்கின்ற பொருளல்ல, வேலை வாங்குகின்ற கருவி என்பதுதான். நாட்டிலேயே முன்மாதிரியாக 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவருடைய முயற்சி முக்கிய காரணமாகும்.

நிற்க. ஆதாரத்தைத் தேடிப் பார்ப்பதனால் என்ன லாபம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். உத்திரமேரூரில் ஆயிரம் வருஷங்களுக்கு முன்னாலேயே ஓட்டுரிமையும் ஜனநாயகமும் இருந்தன என்று அடிக்கடி பெருமை பேசப்படுகின்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்தவையாகக் கணக்கிடப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அங்கே இருப்பது மெய்தான். ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததும் மெய்தான். ஆனால் அந்தக் குடத்திற்குள் யாருடைய பெயர் போகலாம் என்பதை எந்த மேடையிலாவது சொல்லுகின்றார்களா?

தொல்பொருள் இலாகாவின் 1904-05-ம் வருஷத்து ஆண்டறிக்கையில் வெங்கையா அக்கல்வெட்டுகளை மொழிபெயர்ப்புடன் வெளியிட்டிருக்கின்றார். அதை எடுத்துப் பார்த்தால் சங்கதி வெளியாகிவிடும். அது பார்ப்பனர்களுக்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. இரண்டாவது கல்வெட்டின்படி, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டவனாய் இருக்க வேண்டும். வேதம் ஓதியறிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலியாகக் குறைந்தாலும் வேதப்படிப்பு அதிகமிருந்தால் போதும் என்று சலுகை வேறு. அந்த நிலத்தை உழுதவனுக்கும், அந்த வீட்டைக் கட்டியவனுக்கும் குடத்தில் இடமில்லை. பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லுகின்ற நாம், அதே பக்கத்தில் இருக்கும் மற்றொரு விதியையும் மறைக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினர்களும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர்கள் என்று அங்கே எழுதியிருக்கின்றது. இது இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத்தக்க நல்ல விதியேயாகும். தனக்குச் சாதகமான வரியை மாத்திரம் பிய்த்தெடுத்துக்கொண்டு வருவதற்கு ஆராய்ச்சி என்று பெயரில்லை. அதற்கு வக்கீல் வேலை என்று பெயர்.

அன்றியும், இந்தப் புத்தகங்களையே ஒரு புது வேதமாக்கிக்கொள்ளவும் கூடாது. லெக்சிகனில் பல தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டப்பட்டிருப்பதைத் தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தார். 1974-ல் தமிழ்நாடு அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலிக்கென்று ஏற்பாடு செய்து, அவரையே அதற்கு இயக்குநராகவும் நியமித்தது. இருவரில் யார் சொன்னது சரி என்பதை ஒவ்வொரு சொல்லிலும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமேயொழிய, ஒரு புத்தகம் தடிமனாயிருக்கின்றது என்பதற்காகவோ, நமக்குப் பிடித்தவர் எழுதினார் என்பதற்காகவோ முடிவு செய்யக் கூடாது. அகராதியும் மனிதன் செய்ததுதான். மனிதனுக்குள்ள சாய்வு அவன் செய்ததிலும் இருக்கும்.

ஆகவே தோழர்கள் செய்ய வேண்டியது இதுதான். கேள்வியை ஒரு காகிதத்தில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். பல்கலைக்கழகத்தைச் சேராதவர்கள் அந்தந்த இடத்து விதிப்படி அனுமதி கேளுங்கள். கேட்பதில் கேவலமில்லை. அங்கே முடியாவிட்டால் 1896 முதல் நடந்துவரும் எழும்பூர் கன்னிமாரா நூலகமும், 2010-ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. எங்கே தேடுவதென்று தெரியாவிட்டால் நூலகரைக் கேளுங்கள். அவர் சம்பளம் வாங்குவதே அதற்காகத்தான். புத்தகத்தின் முகவுரையையும், பின்னாலுள்ள அட்டவணையையும் முதலில் பாருங்கள். தொகுத்தவர் யார், எந்த வருஷத்துப் பதிப்பு என்று கவனியுங்கள். பழைய ஜனக்கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய நிலைமையைப் பேசினால் அது பொய்யாக முடியும். ஒன்றுக்கு இரண்டு புத்தகம் பாருங்கள். தொகுதி, வருஷம், பக்கம் மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். பயணப்பட முடியாத கிராமத்தார்க்கும் இப்போது வழி உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தார் லெக்சிகனை இணையத்தில் எவரும் காசில்லாமல் பார்க்கும்படி வைத்திருக்கின்றார்கள்.

இனிமேல் எவராவது "புத்தகத்திலே இருக்கின்றது" என்று சொன்னால், கோபமில்லாமல், கூச்சமுமில்லாமல், "எந்தப் பதிப்பு, எத்தனையாம் பக்கம்?" என்று கேளுங்கள். உண்மை பேசுகின்றவன் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவான். மற்றவன் பேச்சை மாற்றுவான். நாம் மேலே எழுதியிருப்பவைகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நம்முடைய பத்திரிகையில் வந்துவிட்டது என்பதற்காக ஒப்புக்கொள்ளாமல், போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொள்ளும்படியாகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.