தலையெண்ணிப் பகுத்த கொடுமை

மஞ்சூரின் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளும் கைகளுள் பல, இலங்கையினின்று பெயர்த்தெறியப்பட்ட தமிழரின் வழிவந்தவை. அவர்க்கு அரசு சூட்டிய பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பிறந்த மண்ணைவிட்டுத் துரத்தப்பட்டவன் திரும்பியவனாம்! என்னே இவர்தம் சொல்லாட்சி!

அமெரிக்கா போற்றத்தக்க நாடன்று. 1973 ஆகத்து வரை கம்போடிய உழவர்தம் குடிசைகளின்மேல் குண்டு பொழிந்த வல்லரசு அது. ஆயினும் அதன் உச்ச முறைமன்றம் 1974 சனவரியில், ஆங்கிலம் அறியாது சான்பிரான்சிசுக்கோப் பள்ளிகளில் ஊமையராய் அமர்ந்திருந்த ஏறத்தாழ 1,800 சீனச் சிறார்க்காக வாய்திறந்தது. ஒரே நூலும் ஒரே ஆசிரியரும் தந்துவிட்டால் மட்டும் ஒப்புரிமை ஆகிவிடாது என்றது. அத்தீர்ப்புக்கு ஊன்றுகோல் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம்.

அதே 1964இல் இங்கே நடந்தது என்ன? சிறிமாவோவும் சாத்திரியும் மலையகத் தமிழரை, 5,25,000 பேர் உமக்கு, 3,00,000 பேர் எமக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய ஒன்றரை இலக்கம் பேரை, அமெரிக்கத் தீர்ப்பு வெளிவந்த அதே 1974 சனவரியில், சிறிமாவோவும் இந்திராவும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாய் அறுத்தனர். சந்தையில் மாடு பிடிப்பவனும் பல்லைப் பார்ப்பான். இவர்களோ முகத்தையும் பார்த்திலர். அம்மக்களை ஒரு சொல் கேட்டாருமிலர்.

சீனச் சிறார்க்கு வழக்காட ஒரு மன்றம் இருந்தது. தமிழர்க்குத் தலைமன்னாரில் கப்பல் காத்திருந்தது. ஏறியோர் இராமேசுவரத்தில் இறங்கினர். பல்லாயிரவர் நீலமலை ஏறி, மீண்டும் அதே கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றினர். அங்கே அவர்களை இந்தியர் என்றனர். இங்கே சிலோன்காரர் என்கின்றனர்.