உழவன் கணக்கை யார் எழுதுவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கணக்குப் பிரிவு என்று தனி அறை ஒன்று இருக்கும். வாங்கிய சரக்கு, செலவான மின்சாரம், இயந்திரத் தேய்மானம், போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் ஏட்டில் ஏறும். எந்தச் சலுகையை எப்படிப் பெறலாம் என்று முதலாளிக்கு வழிகாட்ட ஆடிட்டர் இருக்கிறார்.

அந்த மதில் சுவருக்கு அப்பால் நெல் பயிரிடும் விவசாயிக்கு யார் இருக்கிறார்கள்?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. கணக்கே பார்க்காதே என்று விவசாயியின் வாயை அடைக்கவே இது பயன்பட்டு வந்திருக்கிறது. நாம் சொல்கிறோம்: கணக்குப் பார்! உழக்கு எங்கே போயிற்று என்று தேடு!

சென்ற அறுவடைக்குப் பின் பொன்னேரிப் பக்கம் ஒரு சிறு விவசாயியோடு நோட்டுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தேன். விதை, உரம், டிராக்டர், அறுவடை இயந்திர வாடகை என்று மடமடவென்று சொன்னார். கையில் ஏதோ நிற்பது போலத்தான் தெரிந்தது.

“ஐயா, உங்கள் கூலி?” என்று கேட்டேன்.

“சொந்த நிலத்தில் என்ன கூலி, தம்பி?”

“அம்மா களை பறித்தார்களே?”

சிரித்தார். இருவர் கூலியையும், நகைக் கடன் வட்டியையும் எழுதிக் கூட்டினோம். லாபம் நஷ்டமாயிற்று. சிரிப்பு நின்றது.

விவசாயி மறந்து விடுவது குடும்ப உழைப்பை. சர்க்கார் வேண்டுமென்றே விட்டு விடுவது வேறு. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டு, அதன் ஒன்றரை மடங்காக 2,369 ரூபாயை ஆதார விலையாக மத்திய அரசு அறிவித்தது. அந்த 1,579-ல் குடும்ப உழைப்பு உண்டு. சொந்த நிலத்தின் வாடகை இல்லை, சொந்த முதலின் வட்டி இல்லை. இவற்றையும் சேர்த்த முழுச் செலவுக்கு மேல் பாதி கொடு என்பதுதான் விவசாய சங்கங்களின் கோரிக்கை. முதலாளியின் முதலுக்கு வட்டி உண்டு, உழவனின் முதலுக்கு இல்லையா? இது வெறும் கூட்டல் கழித்தல் அல்ல, வர்க்கப் பிரச்னை.

முன்பு கிராமத்துக் கணக்கு பரம்பரைக் கர்ணத்தின் கையிலும், பண்ணைக் கணக்குப்பிள்ளையின் கையிலும் இருந்தது. கர்ணம் பதவி 1980-ல் ஒழிந்தது. ஆனால் ஏடு உழவன் கைக்கு வந்ததா?

நமது மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1904-ம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், திருவள்ளூர் அருகே திரூரில் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. வட்டிக் கடைக்காரனிடமிருந்து விவசாயியை மீட்கவே சங்கம் வந்தது. இன்றும் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி கிடையாது. தவணைத் தேதியை நினைவூட்டவும், வரவு செலவைப் பார்த்துக் கடன் அளவைச் சொல்லவும் ஆள் இல்லாததால் அந்தச் சலுகையை இழப்பவர்கள் உண்டு.

2020-ல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்குத் திட்டம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாக உதவி; கணக்காளர் சம்பளமும் அதில் அடக்கம். நல்லது. நாலாம் ஆண்டில்? கம்பெனியாகப் பதிவானால் தணிக்கையும் ஆண்டறிக்கையும் கட்டாயம், தவறினால் அபராதம். உதவி நிற்கும், சட்டம் நிற்காது.

கணக்காளர் வந்தால் மழை பெய்யுமா, விலை ஏறுமா என்று சிலர் கேட்கலாம். ஏறாதுதான். விலையை ஏற்றுவது போராட்டம். ஆனால் கையில் கணக்கில்லாமல் கலெக்டரிடம் போகிறவன் கெஞ்சுகிறான். கணக்கோடு போகிறவன் வாதாடுகிறான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு கடன் சங்கத்திலும், கடன் வசூலுக்கல்ல, விவசாயிக்குக் கணக்கு எழுதவும் ஆலோசனை சொல்லவும் பயிற்சி பெற்ற கணக்காளரை அரசாங்கச் செலவில் நியமிக்க வேண்டும். குத்தகை விவசாயிகளுக்கும் அவர் எழுத வேண்டும். ஆளுக்கா பஞ்சம்? பி.காம். படித்துவிட்டு ஒப்பந்தக் கூலியாகச் சிப்காட் பஸ் ஏறும் பிள்ளைகள் நமது கிராமங்களில் இருக்கிறார்களே!

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். விவசாய சங்கத் தோழர்கள் இந்தப் பருவத்திலிருந்தே கிளைதோறும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நமது செலவை நாமே எழுதுவோம். கூட்டுறவுச் சங்கப் பேரவைக்குத் தவறாமல் போய், வரவு செலவை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்போம்.