ஒற்றை எழுத்து அப்பா

என் அப்பாவின் அகராதியில் மொத்தம் ஒரே ஒரு எழுத்துதான். அதுவும் மெய்யெழுத்து. 'ம்'.

'அப்பா, ஸ்கூல் டூருக்கு நூறு ரூபாய் வேணும்' என்றால் 'ம்'. 'கணக்கில் நூற்றுக்கு நூறு' என்றாலும் அதே 'ம்'. டூர் பஸ் போய்விடும். 'ம்' மட்டும் மிச்சம். ஆனால் டி.வி.யைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பார். திமிர் என்றுதான் நினைத்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ப்ரெஸ் ஷாப்பில் அவருக்கு வேலை. 1960-களில் தொடங்கிய பேட்டை. இன்றைக்கு ஐ.டி. கட்டடங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கின்றனவே, அதே ஏரியாதான். தகட்டை வைத்தால் மெஷின் 'டமார்' என்று இறங்கி வெட்டும். எட்டு மணி நேரம் டமார். அப்புறம் ஓவர்டைம் டமார்.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. மார்க்கெட்டுக்கு நடந்து போவோம். அவர் வாயிலிருந்து வரும் ஒரே முழு வாக்கியம் அப்போதுதான் கேட்கும்: "இந்தப் பக்கம் வாடா!" இடது பக்கம் நடந்தேனோ, சட்டைக் காலரைப் பிடித்து வலது பக்கம் இழுத்து விடுவார். கோயில் வாசலையே மிதிக்காத மனுஷர், இதில் மட்டும் என்ன சாஸ்திரம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நான் பி.காம். காரணம் தெரியாத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று தனியாகப் போட்டு வைப்போம். அப்பாவையும் அதில்தான் போட்டு வைத்திருந்தேன். போன வருஷம் அவர் காலமானபோதும் கணக்கு நேராகவில்லை.

காரியங்கள் முடிந்து பீரோவைக் குடைந்தபோது, எல்.ஐ.சி. பாலிசிக்குள் மடித்து வைத்த ஒரு சீட்டு. 1999-ல் எடுத்த காது டெஸ்ட். இடது காது ஏறக்குறைய காலி. வலது காது பாதி.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். வேற இடத்துக்கு மாத்திட்டாங்கன்னா ஓவர்டைம் போயிடும், புள்ள படிக்கணும், யார்கிட்டயும் மூச்சு விடாதன்னாரு. உன்கிட்டயும்தான்."

காது டாக்டர் ஒருவரிடம் சீட்டைக் காட்டினேன். "ஓயாத இரைச்சல் உள்காதுல இருக்கிற மயிர் செல்களைச் சாகடிச்சிடும். திரும்ப முளைக்காது. முதல்ல அடி வாங்கறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். பேசறது கேக்கும், வார்த்தை புரியாது. குழந்தைங்க, பொம்பளைங்க குரல்தான் ரொம்பக் கஷ்டம்" என்றார். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதிகள் வகுத்த உச்சவரம்பு. 1948 சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலேயே இந்தக் காது மந்தம் இருந்தது. மெஷினுக்குச் சட்டம் தெரியுமா?

ஆக, அப்பாவுக்கு முதலில் தொலைந்தது என் குரல். அவர் 'ம்' போட்டது கேட்டதற்கு இல்லை, கேட்காததற்கு. காலரைப் பிடித்து இழுத்ததும் சாஸ்திரம் இல்லை. மிச்சமிருந்த பாதிக் காதை என் பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு 'ம்' இருந்தால், கோபித்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு காது டெஸ்ட் எடுத்துவிடுங்கள் சார்.

போன வாரம் முதல் வருஷத் தெவசம். அம்மாவின் கட்டாயத்தில் மொட்டை மாடியில் காக்காய்க்குச் சோறு வைத்தேன். ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் வலது பக்கமாகப் போய் நின்று, "கேக்குதாப்பா?" என்றேன்.

'கா' என்றது.

பரவாயில்லை. மெய்யெழுத்திலிருந்து உயிர்மெய்க்கு வந்துவிட்டார்.