பொருநை பிறக்கும் மலைக்கு ஒரு பகல்

பெரியதாழைக் கடற்கரையிலிருந்து ஊருக்குள் நடந்தால் எதிர்ப்படுவது மலையன்று, மணல். காற்று குவித்து வைத்த செம்மணல் தேரி, அதில் பனை, உடைமரம், இடையிடையே முந்திரி. ஊரின் பெரும்பகுதி கத்தோலிக்க மீனவக் குடிகள். அதனைச் சூழ்ந்த சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளைப் பகுதிச் சிற்றூர்களில் சாஸ்தாவைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் மிகுதி. பங்குனி உத்திரத்தன்று இவர்கள் எத்தனை தொலைவில் பிழைத்தாலும் தத்தம் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் என்று இம்மணலுக்குள்ளேயே புகழ்மிக்க சந்நிதிகள் உண்டு. எனினும் தென்னாட்டுச் சாஸ்தா கோயில்களுக்கெல்லாம் மூலம் பொதிகைமலையில் எழுந்தருளியிருக்கும் சொரிமுத்து அய்யனாரே என்பது பெரியோர் நம்பிக்கை. ஆகவே உத்திரம் கழிந்து கூட்டம் அடங்கியதும், ஆதி சாஸ்தாவை ஒருமுறை கண்டுவர வேன் பிடித்து மலையேறும் குழுக்கள் இக்கரையில் பல. அத்தகைய ஒரு குழுவுடன் சென்ற பகலைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன்.

குழுவை நடத்திச் சென்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. விடியலுக்கு முன் நாலு மணிக்குப் புறப்பட்டால்தான் மாலைக்குள் காட்டைவிட்டு இறங்கலாம் என்பது அவருடைய கண்டிப்பு. நாங்குநேரியில் வானமாமலைப் பெருமாளைச் சேவித்து, அபிஷேக எண்ணெய் சேரும் எண்ணெய்க் கிணற்றைப் பார்த்துவிட்டு, களக்காடு, சேரன்மகாதேவி வழியாகப் பாபநாசம் அடைந்தோம். களக்காட்டை நெருங்கும்போதே மேற்கு வானம் முழுதும் மலை எழுந்துவிடுகிறது. மணலையும் கடலையுமே பார்த்துப் பழகிய பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பாபநாசம், தாமிரபரணி சமவெளியில் காலெடுத்து வைக்கும் இடம். உரோமச முனிவரின் கதையை அண்ணாச்சி ஆற்றங்கரையில் நின்றே சொன்னார். அகத்தியரின் சீடரான உரோமசர் முக்தி வேண்ட, குருநாதர் ஒன்பது மலர்களை ஆற்றில் விட்டு, அவை ஒதுங்கும் இடங்களில் சிவபூசை செய்யச் சொன்னார். முதல் மலர் நின்ற இடம் பாபநாசம். பிறகு சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி. கடைசி மலர் சேர்ந்த இடம், ஆறு கடலை நெருங்கும் சேர்ந்தபூமங்கலம். இவையே நவகைலாயங்கள். மார்கழி ஞாயிறுகளில் திருநெல்வேலியிலிருந்து அரசுப் பேருந்துகள் ஒரே பகலில் ஒன்பதையும் காட்டி வருவதை வாசகர் பலர் அறிவர். அந்த யாத்திரை ஆற்றோடு இறங்குவது. எங்களுடையது ஆற்றை எதிர்த்து ஏறுவது.

கோயிலில் பாபநாசநாதரும் உலகம்மையும் அருள்கிறார்கள். அம்மன் சந்நிதி முன் கல்லுரல் ஒன்று உண்டு. பெண்கள் விரலி மஞ்சளை அதிலிட்டு இடிக்க, அம்மஞ்சள் அன்னையின் அபிஷேகத்துக்குச் சென்று பிரசாதமாகத் திரும்புகிறது. எங்கள் குழுவின் பெண்களும் முறைவைத்து உலக்கை பிடித்தார்கள். தேவகுருவாக ஏற்ற விசுவரூபனைக் கொன்ற பழி இந்திரனைவிட்டு நீங்கியது இத்தலத்தில்தான் என்பது புராணம். அதனாலேயே பாபநாசம் என்ற பெயர். அப்பெயரைப் பற்றிக்கொண்டு வளர்ந்துவிட்ட ஒரு பழக்கத்தையும் படித்துறையில் கண்டோம். நீராடியவர்கள் உடுத்திய துணியை அங்கேயே அவிழ்த்து ஆற்றில் விடுகிறார்கள். கோயில் மீன்கள் பொரிக்குத் துள்ளும் அதே நீருக்கடியில் சேலைகளும் வேட்டிகளும் பாறைகளைச் சுற்றிக் கிடக்கின்றன. தன்னார்வலர்கள் அள்ளி அள்ளிக் கரைசேர்த்தாலும் மறுபடியும் சேர்ந்துவிடுகின்றன.

எங்களுடன் வந்த ஒரு பெண்ணும் அதற்கென்றே பழஞ்சேலை உடுத்தி வந்திருந்தார். மகனுக்கு மூன்று வருடமாக வேலை அமையவில்லை.

“சோசியர் சொல்லித்தான் வந்தேன் அண்ணாச்சி. சேலையை ஆத்துல விட்டாத்தான் தோசம் விலகுமாம்.”

“விடலாம் தங்கச்சி. ஆனா அகத்தியர் இங்க விட்ட பூ எங்க போய்ச் சேர்ந்துது?”

“சேர்ந்தபூமங்கலத்துக்கு.”

“அப்போ சேலை?”

அவர் பதில் சொல்லவில்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பல இந்த ஆற்றையே நம்பியிருப்பதை அண்ணாச்சி சொல்லாமலே எல்லோரும் அறிவார்கள். மலையில் விட்டது கரைக்கு வந்து சேரும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையில் ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் நீரில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. நான் சாஸ்திரம் கற்றவனல்லன். ஆயினும் நீராடுவதைப் புண்ணியமாகச் சொன்ன முன்னோர், அந்நீரைக் கெடுப்பதைப் பரிகாரமாகச் சொல்லியிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவர் சற்று நேரம் படியில் அமர்ந்திருந்தார். பிறகு சேலையைப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டார். மனம் முழுதும் இசைந்ததாகத் தெரியவில்லை. மலையேறும் வரையில் யாரிடமும் பேசவுமில்லை.

வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் காடு. களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்களை இணைத்து 1988இல் அமைந்த இதுவே தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். வழியில் அகத்தியர் அருவி ஆண்டு முழுதும் வற்றாமல் விழுகிறது. அதற்கு மேலே கல்யாண தீர்த்தம். கயிலைத் திருமணத்தின்போது வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, சமன்செய்ய அனுப்பப்பட்ட குறுமுனிக்கு இறைவன் மணக்கோலம் காட்டிய இடங்களில் இதுவும் ஒன்று. மேலே காரையாற்றில் 1942இல் கட்டிமுடித்த பாபநாசம் அணை. அதன் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி. கார்காலத்தில் நம் செய்தித்தாள்கள் நாள்தோறும் அச்சிடும் நீர்மட்டக் கணக்கு இதைப் பற்றியதே. அணைக்கு அப்பாலுள்ள பாணதீர்த்தத்துக்கு முன்பு படகில் போவார்கள். இப்போது அந்த வழக்கம் இல்லை.

சொரிமுத்து அய்யனார் கோயிலில் இறங்கியபோது உச்சிப்பொழுது ஆகவில்லை. நெருங்கிய மரங்கள், பாறைகளுக்கிடையே சலசலக்கும் ஆறு, கரையில் வரிசையாகப் பரிவாரச் சந்நிதிகள்: சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், பிரம்மராட்சசி, பட்டவராயன். சுமைமாடுகளுடன் மலைகடந்த வணிகர்களின் மாட்டுக் குளம்பு பட்டு ஒரு கல்லில் குருதி வடிந்ததாகவும், அங்கே சாஸ்தா வெளிப்பட்டதாகவும் தலவரலாறு கூறும். தேவர்கள் மலரும் முத்துமாகச் சொரிந்ததால் சொரிமுத்து என்று பெயர் விளக்குவார்கள். மலைக்காட்டில் முத்து எப்படி என்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி. இந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை இருந்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் முத்துவகைகளைச் சொல்லுமிடத்தில் தாம்ரபர்ணியின் பெயரால் ஒன்றைக் குறிக்கிறது. மலைக்கு மரமும் சந்தனமும் போல, இந்த ஆற்றுக்கு முத்து.

பட்டவராயன் சந்நிதியில் தோல்செருப்புகள் காணிக்கையாகத் தொங்குகின்றன. உயர்குடியில் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, ஆநிரை காக்கும் போரில் உயிர்விட்ட வீரன் அவன். இவ்வாண்டு கட்டும் புதுச்செருப்பு, மறு ஆண்டு பார்க்கும்போது கல்லிலும் முள்ளிலும் நடந்ததுபோல் தேய்ந்திருக்கும் என்பது அடியார்களின் அனுபவமொழி. இரவெல்லாம் அவன் காட்டைச் சுற்றிக் காவல் நடக்கிறான் என்கிறார்கள். அருகே மணிவிழுங்கி மரம். பக்தர்கள் கட்டிய மணிகளைத் தன் உடலுக்குள்ளேயே வாங்கிக்கொண்ட மரம் அது.

ஆடி அமாவாசைக்கு இங்கே கூடும் மக்கள்வெள்ளம் பெரிது. அந்நாளில் சிங்கம்பட்டி ஜமீன்தார் அரச உடையில் வீற்றிருந்து காட்சி தருவது வழக்கமாயிருந்தது. முடிசூடிய கடைசி ஜமீன்தாரான முருகதாஸ் தீர்த்தபதி 2020இல் காலமானார். அந்தக் கூட்டத்தில் காட்டின் ஒலி கேட்காது. முதன்முதலாகச் செல்வோருக்கு வேறு நாளே நல்லது என்பது என் துணிபு.

இறங்கும் வழியில் கல்லிடைக்குறிச்சி அருகே கன்னடியன் அணைக்கட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அண்ணாச்சி. இதற்கும் ஒரு செவிவழிக் கதை உண்டு. ஊருக்கு ஊர் சற்று மாறும். தீராத நோயுற்ற மன்னன் ஒருவன் எள்ளால் ஒரு பாவை செய்து, உள்ளே பொன்னும் மணியும் வைத்து, அதனோடு தன் நோயையும் தானமாகக் கொடுக்க எண்ணினான். ஏற்க எவரும் முன்வரவில்லை. வழிப்போக்கனான ஒரு கன்னட பிரம்மசாரி ஏற்றான். அந்தப் பொன்னை என்ன செய்வதென்று அகத்தியரைக் கேட்க, ஒரு பசுவின் பின்னே போகச் சொன்னார். அது நடந்த வழி கால்வாயாயிற்று. சாணமிட்ட இடங்களில் குளமும், கோமியம் விட்ட இடங்களில் மடையும் அமைந்தன. ஒரு மன்னனின் நோய்ப்பொருள் இன்றும் வயல்களுக்கு நீராய்ப் பாய்கிறது.

ஆற்றில் துணியை விடுவோருக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை. கதையை அந்தச் சேலைக்காரப் பெண் மிகக் கவனமாகக் கேட்டார். “அந்தக் கால்வாய் எதுவரைக்கும் போகுது அண்ணாச்சி?” என்பதே அன்று மதியத்துக்குமேல் அவர் பேசிய முதல் பேச்சு.

கன்னடியன் கால்வாயிலிருந்துதான் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டத்தின் வெள்ளநீர்க் கால்வாய் பிரிகிறது. 2009இல் பணி தொடங்கி, பல ஆண்டுகள் இழுபட்ட திட்டம். கடலுக்குப் போகும் உபரி வெள்ளத்தைச் சுமார் 75 கிலோமீட்டர் கொண்டுவந்து சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிகளுக்குத் தருவது நோக்கம். அது முடியுமிடம் எம்.எல். தேரி. எங்கள் தேரிமணல்தான்.

இவ்வழி செல்ல நினைப்போர் காலை எட்டு மணிக்குள் பாபநாசத்தில் இருப்பது நலம். மலைமேல் பிளாஸ்டிக் பொருள்களுக்கு அனுமதியில்லை, சாவடியில் சோதிப்பார்கள். சோற்றை வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். குரங்குகள் மிகுதியாதலால் பிரசாதப் பையைக் கையில் தொங்கவிட வேண்டாம். நீராடும் எண்ணமிருந்தால் ஈரத்துணிக்கென்று ஒரு சாக்குப் பை கொண்டுபோங்கள்.